இளைஞரும் உழைப்போர் இயக்கமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

இடமிருந்தும் அமராமல் வாசலையொட்டி நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கையரே!

'இளைஞரும் உழைப்போர் இயக்கமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். முதலில் சிறிது தயங்கினோம். நாம் அரசுப் பணியில் இருப்பவர். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க இம்மேடையைப் பயன்படுத்துதல் ஆகாது. அந்த எண்ணமும் நமக்கு இல்லை. ஆனால் வரலாற்றைப் பேசுவதற்குத் தடையேதும் இல்லை. நம் பாட்டன்மார் பட்டதையும் அதிலிருந்து மீண்டதையும் பேசுவது ஆசிரியனுடைய தொழிலே ஆகும். எனவே இசைந்தோம்.

கல்விச் சங்கத்தின் விழாவில் அரசியல் இயக்கத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று மூத்தோர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. அதற்கு நம் விடை இது. நம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை அந்த வேலையிலிருந்து விடுவித்தால் அல்லவா அவன் கையில் பலகை ஏறும்? விடுதலை முன்னே வந்தது. வகுப்பறை பின்னே வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டால் நாம் நடத்தும் கல்விப் பணி வேரற்றதாகிவிடும்.

குறை யாருடையது?

உழைப்போர் இயக்கங்களை நடத்தும் நண்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் கூறும் குறை ஒன்றே. "கூட்டத்திற்கு நரைத்த தலைகளே வருகின்றன, இளைஞர் வருவதில்லை" என்பர். நம் சங்கத்தின் பொதுக்குழுவிலும் இதே புலம்பலைக் கேட்கிறோம். "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொதுக் காரியத்தில் நாட்டமில்லை, கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

இத்தீர்ப்பு சரியானதா? ஊரில் வெள்ளம் வந்தால் இடுப்பளவு நீரில் இறங்கிச் சோற்றுப் பொட்டலம் சுமப்பவர் யார்? நள்ளிரவில் இரத்தம் வேண்டும் என்று ஒரு செய்தி வந்தால் மோட்டார் சைக்கிளில் விரைபவர் யார்? இளைஞரே அல்லவா? தன்னலமற்ற செயலுக்கு அவர்களிடம் பஞ்சமில்லை.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வரும் மாணவரைத் தமிழ்நாடு கண்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நம் இனத்து மாணவன் ஒருவனை, உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன் பின்னர் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024ஆம் ஆண்டு சூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பிள்ளைகளைச் சாதியின் பெயரால் திரட்டுவோர் இருக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே இளைஞர் எங்கும் சேர்வதில்லை என்பது உண்மையன்று. அவர்கள் சேர்கிறார்கள். நாம் அழைக்கும் இடத்திற்கு வருவதில்லை, அவ்வளவே. ஏன் வருவதில்லை என்று அவர்களைக் கேட்பதற்கு முன்னர், எதைக் கொடுப்பதாகச் சொல்லி அழைத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் நம் சங்கத்தின் பிழை ஒன்றையும் மறையாமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் பயிலும் தம்பிகள் ஐந்தாறு பேர் வந்து, நம் படிப்பகத்தின் சாவியைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டனர். போட்டித் தேர்வுக்கு இரவில் அமர்ந்து படிக்கவும், சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரவும் இடம் வேண்டும் என்றனர். செயற்குழுவில் நாமும் இருந்தோம். புத்தகம் தொலையும், மின்கட்டணம் ஏறும், வீண் பேச்சு வளரும் என்று காரணங்களை அடுக்கினோம். "முதலில் படித்து முன்னேறுங்கள், பொறுப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று அறிவுரை கூறி அனுப்பிவைத்தோம். அவர்கள் மறுபடி வரவில்லை. அவர்களுள் இருவர் பின்னர் எங்கே, எந்தக் கொடியின் கீழ், என்ன முழக்கத்தோடு நின்றனர் என்பது இங்குள்ளோர் பலருக்குத் தெரியும். நாம் சாவியைக் காத்தோம், பிள்ளைகளை இழந்தோம்.

கீழத்தஞ்சை கற்பிக்கும் பாடம்

இளைஞரை ஓர் இயக்கம் ஈர்ப்பது எவ்வாறு என்பதை அறியக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. காவிரியின் கடைமடையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

நாற்பதுகளின் தொடக்கத்தில் கீழத்தஞ்சையின் நன்செய் நிலங்கள் மிராசுதாரரிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருந்தன. உழுது நட்டு அறுத்தவர் பெரும்பாலும் நம் மக்கள். பண்ணையாள் என்றால் ஓர் ஆள் மட்டும் அல்லன். அவன் மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும், மகன் மாடு மேய்க்கவும், ஆகக் குடும்பமே பண்ணைக்குரியது. வேலைக்குப் பிந்தி வந்தால் சாட்டையடி. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் சாணிப்பால். சாணத்தை நீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இவை கட்டுக்கதைகள் அல்ல. நம் பாட்டன்மார் முதுகிலும் வாயிலும் பட்ட உண்மைகள்.

இந்நிலையில், 1943ஆம் ஆண்டில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டுவதற்காகப் பொதுவுடைமைக் கட்சி ஒருவரை அங்கே அனுப்பியது. அவர்தாம் பி. சீனிவாச ராவ். 1907ஆம் ஆண்டு தென்கன்னடத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் படிப்பைத் துறந்து சிறை சென்றவர். தாய்மொழி கன்னடம். ஊர் வேறு, மொழி வேறு, சாதி வேறு. இளைஞரை ஈர்ப்பதற்கு வேண்டும் என்று நாம் கருதும் எதுவும் அவரிடம் இல்லை. அழகு தமிழில் அடுக்குமொழி பேசி மயக்கியவரும் அல்லர். ஆயினும் சேரி இளைஞர் அவர் பின்னே திரண்டனர். காரணம் என்ன?

முதலாவது, அவர் தொடங்கிய இடம். உலக வரலாற்றையும் பொருளியல் தத்துவத்தையும் முதல் நாளே விரித்திருந்தால், பகல் முழுதும் சேற்றில் நின்றவன் அமர்ந்த இடத்திலேயே உறங்கியிருப்பான். சங்கம் சாட்டையையும் சாணிப்பாலையும் முதலில் எடுத்துக்கொண்டது. நீயும் மனிதன், உன்னை அடிக்க எவனுக்கும் உரிமையில்லை, அடித்தால் பொறுத்துக்கொண்டிராதே என்பதே அதன் முதற்பாடம். கூலி, குத்தகை, நிலம் ஆகியவை அதன் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. வயிற்றுக்கு முன்னே தன்மானம் நின்றது.

இரண்டாவது, அவர் தங்கிய இடம். பகலில் மேடையில் பேசிவிட்டு மாலை வண்டிக்கு ஊர் திரும்பியவர் அல்லர். சேரியிலேயே உண்டு, சேரியிலேயே உறங்கினார். தீண்டாமையை ஒழிப்போம் என்று சொல்பவர் நம் வீட்டுக் கஞ்சியைக் குடிக்கிறாரா இல்லையா என்பதைத்தான் நம் மக்கள் முதலில் கவனிப்பர். அந்தத் தேர்வில் அவர் தேறினார்.

மூன்றாவது, நாம் முதன்மையாகக் கருதுவது, அவர் கொடுத்த பொறுப்பு. 1943ஆம் ஆண்டில் தென்பரையில் கிளைச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. கிளைச் சங்கம் என்பது கொடிக்கம்பம் மட்டும் அன்று. அதற்குத் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், சந்தாப் பணத்தைக் காக்க ஒருவர் வேண்டும், அடுத்த ஊருக்குச் செய்தி கொண்டு போக ஒருவர் வேண்டும், மிராசுதாரருக்கு எதிரே அமர்ந்து கூலி பேச ஒருவர் வேண்டும். அதுவரை "ஏ, இங்கே வா" என்று அழைக்கப்பட்டவன் ஒரு கிளையின் செயலாளன் ஆனான். இந்த மாற்றத்தை எந்தச் சொற்பொழிவு தரும்?

களப்பால் குப்பு அவ்வாறு எழுந்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில், களப்பால் என்னும் சிற்றூரில் பிறந்து, சங்கத்தின் முன்னணித் தலைவருள் ஒருவராக உயர்ந்தவர். வெளியூரிலிருந்து வந்த ராவ் விதையை ஊன்றினார் என்றால், மண்ணிலிருந்து முளைத்தவர் குப்பு. தன்னைப் போன்ற ஒருவன் தலைவனாக நிற்பதைக் காணும்போதுதான் ஓர் இளைஞனுக்கு "நாமும் ஆகலாம்" என்னும் எண்ணம் பிறக்கிறது.

பெண்களுக்கும் அங்கே வழி திறந்தது. மணலூர் மணியம்மை பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கணவரை இழந்தவர். மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டியவர் என்று சாத்திரம் சொன்ன அவர், தலைமுடியைக் குறைத்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று பண்ணையாட்களைத் திரட்டினார். 1953ஆம் ஆண்டில் மான் முட்டி இறந்தார். அவர் வாழ்வைத் தழுவி ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் நூலை எழுதியுள்ளார். நம் படிப்பகத்தில் தங்கையர் ஒவ்வொருவரும் அதனை எடுத்துப் படிக்க வேண்டும்.

நான்காவது, கண்ணெதிரே கிடைத்த வெற்றி. 1944ஆம் ஆண்டில் மன்னார்குடியில் நில உடைமையாளரும் சங்கத்தாரும் அதிகாரிகள் முன்னிலையில் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்று அதிலே எழுதப்பட்டது. இயக்கம் தொடங்கிய சிறிது காலத்திற்குள் ஓர் இளைஞன் தன் தந்தையின் முதுகு அடியிலிருந்து தப்பியதைக் கண்டான். என்றோ ஒரு நாள் பொன்னுலகம் பிறக்கும் என்னும் வாக்குறுதியை மட்டும் நம்பி நெடுங்காலம் நடப்பவர் சிலரே. இன்று ஒரு முள் நீங்கியது என்றால் நாளைக்கு நடக்கக் கால் வரும்.

பின்வந்த சட்டங்களையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை விருப்பம்போல் விரட்டுவதற்குத் தடை விதித்தது. 1969ஆம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவருக்கும் தொழிலாளருக்கும் அம்மனையை உரிமையாக்கியது. "எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறிவேன்" என்று மிரட்டும் வாயை அந்தச் சட்டம் அடைத்தது. சட்டங்களை இயற்றியவை அரசுகள். ஆனால் இயற்றாமல் இருக்க முடியாத நிலையை உண்டாக்கியவர்கள், பெயர் தெரியாத ஆயிரமாயிரம் கிளைச் சங்கத்தார்.

கொடுத்த விலை

இவ்வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் உங்களை ஏமாற்றியவர் ஆவோம். கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

களப்பால் குப்பு 1948ஆம் ஆண்டில் சிறையிலேயே உயிர் நீத்தார். மலேயாவில் உழைத்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய வாட்டாக்குடி இரணியனும், ஜாம்பவானோடை சிவராமனும் 1950ஆம் ஆண்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். இரணியன் நம் சேரியிற் பிறந்தவர் அல்லர். ஆயினும் நம் மக்களுக்காக நின்றார் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில் நடந்ததை எவ்வாறு சொல்வது? கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததுமே அம்மக்கள் செய்த குற்றம். ஒரு குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளரை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. அந்தத் தீயின் சூடு நம் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

ஓர் ஆண்டு வெண்மணி நாளையொட்டி வகுப்பில் இதனை எடுத்துச் சொன்னோம். பாடம் முடிந்த பின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தனியே வந்து கேட்டான்: "ஐயா, சங்கத்துல சேர்ந்தா கேஸ் போடுவாங்களா? கேஸ் இருந்தா போலீஸ் வேலைக்குப் போக முடியாதாமே?" அவன் தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொட்டவன் அவன். அவனைக் கோழை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை உழைப்பு அக்கேள்வியில் அடங்கியிருந்தது.

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். தம்பி, உன் அச்சம் பொய்யானது அன்று. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் அரசு வேலை, அதிலும் காவலர் வேலை கிடைப்பது கடினமே. அதனை மறைத்து உன்னை ஊர்வலத்தின் முன்வரிசையில் நிறுத்துபவன் உனக்கு நண்பன் அல்லன். ஆனால் இயக்கம் என்பது மறியல் மட்டும் அன்று. மனு எழுதுவதும் இயக்கமே. கணக்குக் கேட்பதும் இயக்கமே. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு ஓய்வூதியப் படிவத்தை நிரப்பித் தருவதும் இயக்கமே. படிப்பை விட்டுவிட்டு வா என்று அழைக்கும் இயக்கத்தை நம்பாதே. படித்ததும் உன் மக்களை மறந்துவிடு என்று சொல்லும் படிப்பையும் நம்பாதே.

அண்ணல் எழுப்பிய வினா

நம் இளைஞர் உழைப்போர் இயக்கங்களை நோக்கி எழுப்பும் வினா மற்றொன்று உண்டு. "கொடி பிடிக்க நாங்கள், தலைமை தாங்க அவர்களா? வர்க்கம் பேசுபவர்கள் சாதியைப் பற்றி வாய் திறக்கிறார்களா?" என்பர். இதனைக் கேட்டு இயக்கத்தார் சினம் கொள்ளலாகாது. இவ்வினாவை அண்ணல் அம்பேத்கர் அவர்களே எழுப்பினார்கள்.

1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அவர்கள் சோசலிஸ்டுகளை நோக்கிக் கூறிய கருத்து இதுதான்: புரட்சி முடிந்த பிறகு தான் சமமாக நடத்தப்படுவோம், சாதி வேற்றுமை இராது என்னும் உறுதி இருந்தாலன்றி, சொத்தைச் சமமாக்கும் புரட்சியில் ஒரு மனிதன் சேரமாட்டான். இளைஞரை ஈர்ப்பது எவ்வாறு என்று இன்று ஆராய்வோர் அனைவரும் தங்கள் அலுவலகச் சுவரில் எழுதிவைக்கத் தக்க கருத்து இது.

அண்ணல் அவர்கள் ஒதுங்கி நின்று குறை சொன்னவர் அல்லர். அதே 1936ஆம் ஆண்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள். கொங்கணத்து உழவரை வாட்டிய கோத்தி முறையை ஒழிக்க 1937ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். 1938ஆம் ஆண்டு சனவரியில் உழவர்கள் பம்பாயில் திரண்டு பேரணி நடத்தினர். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையரோடு கைகோத்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். 1947ஆம் ஆண்டில் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் ஆவணத்தில், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றி ஊர் மக்களுக்குப் பயிரிடத் தரப்பட வேண்டும் என்று எழுதினார்கள். அவர்களைச் சட்டமேதை என்று மட்டும் சொல்லிச் சிலையாக்கிவிட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அதே வேளையில் 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டுமே தொழிலாளருக்குப் பகை என்றார்கள். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே அறுந்த நூலை வாயில் வைத்து இணைக்க வேண்டியிருந்ததால், தீண்டத்தகாதவன் வாய் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்று பிற தொழிலாளர் நம்மவரை உள்ளே விடவில்லை. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே சங்கம். ஆனால் ஒரு நூலிழையின் மேல் சாதி அமர்ந்திருந்தது. அதனைக் காணாத சங்கத்தில் நம் இளைஞன் எவ்வாறு முழுமனத்தோடு சேர்வான்?

இயக்கங்கள் இப்பாடத்தைக் கற்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமன்று. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இடிக்கப்பட்டது. அதற்கு முன்னின்று போராடியவர்களுள் இடதுசாரி அமைப்பினரும், தீண்டாமை ஒழிப்பு முன்னணியினரும் இருந்தனர். சாதிச் சுவரை இடிப்பதும் வர்க்கப் போராட்டமே என்று ஓர் இயக்கம் உணரும்போது நம் இளைஞர் அதனைத் திரும்பிப் பார்க்கின்றனர். அந்த உணர்வு மேடையோடு நில்லாமல் தலைமைக் குழுவின் நாற்காலி வரையிலும் எட்ட வேண்டும்.

இன்றைய முள் எது?

கீழத்தஞ்சையின் பாடத்தை அப்படியே நகல் எடுத்தால் பயன் தராது. அன்று சேற்றில் நின்றவனின் பேரன் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறான். சென்னையில் உணவுப் பொட்டலத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறான். பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். அவனுக்குப் பண்ணை இல்லை, சாட்டை இல்லை. ஆனால் முள் இல்லையா? வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு?" என்று விசாரிக்கும் முள் இருக்கிறது. கல்வி உதவித்தொகை வரத் தாமதமாகி, கல்லூரி அலுவலகத்தின் வாசலில் நிற்கவைக்கும் முள் இருக்கிறது. இறந்தவரைச் சுடுகாட்டிற்குக் கொண்டுசெல்ல வழியில்லாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

அன்றைய இயக்கம் சாணிப்பாலிலிருந்து தொடங்கியது போல, இன்றைய இயக்கம் இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். எது வலிக்கிறது என்பதை இளைஞனே சொல்லட்டும். நாம் நாற்பது ஆண்டுகளாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் முழக்கத்தை அவன் வாயில் திணிக்கலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

முடிக்குமுன் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். இவை இயக்கத்தாருக்கும் பொருந்தும். நம் சங்கத்திற்கும் பொருந்தும்.

ஒன்று, சிறு வேலையை முழுப் பொறுப்போடு கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்தால் முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது விதி. நம் ஊருக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு மனுவை எழுதும் பெண்ணுக்கு, ஒரு மணிநேரச் சொற்பொழிவு தராத தெளிவு கிடைக்கும்.

இரண்டு, கிராம சபைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் ஊர்தோறும் சபை கூட வேண்டும். அங்கே எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்ட இளைஞன், அடுத்த முறை பத்துப் பேரை அழைத்து வருவான்.

மூன்று, கேள்விக்கு இடம் கொடுங்கள். கணக்குக் கேட்பவனைப் பகைவனாகப் பார்க்காதீர்கள். அதிகாரத்தைக் கேள்வி கேள் என்று ஊருக்குப் போதித்துவிட்டு, சங்கத்தின் வரவு செலவைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது எவ்வகையில் முறை?

நான்கு, இருவகைப் படிப்பும் வேண்டும். தேர்வுக்கான படிப்போடு வரலாற்றுப் படிப்பும் வேண்டும். குப்புவையும் மணியம்மையையும் வெண்மணியையும் அறியாத பிள்ளைக்குத் தன் கையிலுள்ள பட்டம் யார் யாருடைய இரத்தத்தால் எழுதப்பட்டது என்பது தெரியாது. தெரியாதவனைச் சாதிப் பெருமை பேசுவோரும் வெறும் நடிகர் மோகமும் எளிதில் கவர்ந்துவிடும்.

ஐந்து, நாற்காலியை விட்டுக்கொடுங்கள். இதுவே கடினமானது. இளைஞர் அணி என்று ஒன்றை அமைத்து, பந்தல் போடவும் நாற்காலி அடுக்கவும் அவர்களை வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் அறையில் நாம் மட்டும் அமர்ந்திருந்தால் அவர்கள் பந்தலைப் பிரித்துவிட்டு வீட்டிற்குப் போய்விடுவர். இளைஞரை இழுத்து நிறுத்துவது பேச்சு அன்று, பொறுப்பு. கீழத்தஞ்சையில் படிப்பறியாத பண்ணையாளை நம்பிச் சங்கத்தை ஒப்படைத்தனர். பட்டம் பெற்ற நம் பிள்ளைகளை நம்ப நாம் ஏன் அஞ்சுகிறோம்?

ஆகவே செயற்குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். இவ்வெள்ளி விழா முடிவதற்குள் படிப்பகத்தின் சாவியை, வாசலில் நிற்கும் இத்தம்பிமாரிடமும் தங்கையரிடமும் ஒப்படைக்க வேண்டும். வரும் பொதுக்குழுவில் செயற்குழு இடங்களில் பாதியை முப்பது வயதிற்குட்பட்டவர்களுக்கு, பெண்களையும் சேர்த்து, ஒதுக்க வேண்டும். அதற்காக முதலில் விலகுவோர் பட்டியலில் நம் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

புத்தகம் இரண்டு தொலையக்கூடும். மின்கட்டணம் ஏறக்கூடும். அவர்கள் நம்மினும் வேறுபட்ட முடிவுகளை எடுக்கவும் கூடும். எடுக்கட்டும். முன்னொரு நாள் வந்து திரும்பிப் போனவர்களையும் வீடு தேடிச் சென்று அழைத்து வருவோம். பிழை நம்முடையது, எனவே நடக்க வேண்டியவரும் நாமே.

தம்பிமார்களே, தங்கையரே! இனி வாசலில் நிற்க வேண்டா. உள்ளே வாருங்கள், முன்வரிசையில் இடமிருக்கிறது.